தட்டிப் பார்த்து வாங்கிய பங்குகள்

மங்கலம்பேட்டைக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் என்று கல் சொன்ன இடத்தில் என் இடது செருப்பின் வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். விருத்தாசலம் பஸ் நிலையத்திலேயே ஏறியிருக்கலாம். ஆனால் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. என் மாமாவோடு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் ஷிப்டுக்கு முன்னால் அங்கே நின்று டீ குடிப்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு அதே கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுக்குப் பங்குச் சந்தை பற்றி நான் வகுப்பு எடுத்திருந்தேன். அவர்கள் முகத்தில் விழிப்பதைவிட வெறுங்காலோடு தாரில் நடப்பது தேவலை என்று தோன்றியது.

ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குப் பழக்கமான வேலைதான். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையின்போது பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பினேன் (பரீட்சை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது). பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் சாயப்பட்டறை, ஆந்திராவுக்குப் போகும் லாரியில் கிளீனர், ஓசூரில் நட்டு போல்ட்டு எண்ணிப் பையில் போடும் வேலை. எல்லா இடத்திலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். எங்கேயும் கிளம்பும்போது யாராவது திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினால் மனசுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை. காலையில் மாமா தன் பழைய பட்டறைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து உதறினார், போட்டுக்கொண்டார், "கேட்டுப் பாத்துட்டு வரேன்" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சட்டையை இனிமேல் அவர் போட வேண்டியதில்லை என்று சொன்னவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா அஞ்சலையைக் கட்டியவர் கலியமூர்த்தி மாமா. பீங்கான் பட்டறையில் இருபத்தாறு வருடம். ஃப்யூஸ் கட்டை, கப்பு, அகல் விளக்கு என்று அங்கே செய்கிற சாமான்கள் அச்சிலிருந்து வந்து காய்ந்ததும், சூளைக்குப் போவதற்கு முன் ஓரங்களைச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். காலை முழுக்க மாமாவுக்கு அந்த வேலை. சுரண்டச் சுரண்டத் தூள் பறக்கும். மதியத்துக்கு மேல், வெந்து வந்த சாமான்களைப் பிரிக்கும் வேலை. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் நல்லது. மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே கீறல், தூக்கி ஓரத்தில் போடு. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட அவர் காதுக்குத் தெரியும். வீட்டில் புதிதாக வாங்கும் பாத்திரம், பூந்தொட்டி, ஒரு தடவை எனக்குப் பார்த்த பெண்ணின் வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் தட்டியிருக்கிறார் (சுவர் சரியில்லை என்றார், பெண் வீட்டார் நான் சரியில்லை என்றார்கள்).

அவருக்கு இருமல் வந்தது. பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடலூரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் மாமா. "என்னா வேல?" சொன்னார். டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டார். "மருந்து தரேன். ஆனா அந்தத் தூசிய விட்டு வெளிய வந்தாத்தான் மருந்து வேல செய்யும். இல்லன்னா நீங்களும் நானும் சும்மா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

வெளியே வந்தால் சோற்றுக்கு என்ன செய்வது? அதுதான் வீட்டின் ஒரே கேள்வி. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கம்மாபுரம் பக்கம் மாமாவுக்கு அப்பா வழியில் வந்த கொஞ்சம் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருந்தது. அந்தப் பணத்தில் கல்யாணமும் கூரையும் போக மூன்று லட்சம் வங்கியில் கிடந்தது. அந்த மூன்று லட்சம் மாமாவைப் பட்டறையிலிருந்து வெளியே இழுக்குமா, இழுக்காதா?

அந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து நான் வந்து சேர்ந்தேன்.

பங்குச் சந்தையில் எனக்கிருந்த படிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் என் அறையில் இருந்த ஒருவன் எந்நேரமும் செல்போனில் ஷேர் பார்ப்பான். அவன் பார்ப்பதை நான் பார்ப்பேன். அவ்வளவுதான். பச்சை வந்தால் பிரியாணி வாங்குவான், சிவப்பு வந்தால் என்னிடம் ஐம்பது ரூபாய் கேட்பான். ஒருநாள் அவன் வங்கிக் கணக்கில் சும்மா கொஞ்சம் பணம் வந்தது. "ஷேர விக்காமலேயே வருது பாரு, இதுக்குப் பேரு டிவிடெண்டு" என்றான். அந்த ஒரு சொல்லை மூட்டை கட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்தேன்.

"மாமா, கம்பெனிக்காரன் லாபத்துல நமக்குப் பங்கு குடுப்பான். நாம வூட்டுல உக்காந்திருக்கலாம். அசலு அப்படியே இருக்கும்."

"சும்மா ஏன்டா குடுக்குறான்?" என்றாள் அக்கா.

"சும்மா இல்லக்கா. நாமதான் மொதலாளி."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. "மொதலாளி, மொதல்ல போயி தண்ணி புடி" என்றாள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்குகிற ஆளுக்கு உட்கார்ந்திருக்கலாம் என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது. மறுநாளே என்னோடு கிளம்பிவிட்டார்.

பாலக்கரைப் பக்கம் ஒரு செல்போன் கடை மாடியில் பங்கு வாங்கித் தரும் அலுவலகம் இருந்தது. அங்கே சுமதி என்ற மேடம். பொறுமையான அம்மா. கணக்கு ஆரம்பிக்க மாமாவின் முகத்தைச் செல்போனில் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார். மாமா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சாமி கும்பிடுவது போல நின்றுவிட்டார். நாலாவது தடவைதான் செல்போன் ஒத்துக்கொண்டது.

சுமதி மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாசாமாசம் கண்டிப்பா பணம் வேணும்னா ஷேரும் சரிப்படாதுங்க, ஃபண்டும் சரிப்படாது. பேசாம போஸ்ட் ஆபீஸ்ல போட்டுடுங்க" என்றார்.

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடும்.) "போஸ்ட் ஆபீஸ் எங்களுக்குத் தெரியாதா மேடம்? நாங்க டிவிடெண்டுக்காக வந்திருக்கோம்."

"சரி. அப்படின்னா ரெண்டு வழி இருக்குது. ஒரு கம்பெனியோட ஷேர நேரா வாங்கலாம். அது நல்லா ஓடுனா டிவிடெண்டு நேரா உங்களுக்கு வரும். அது படுத்துட்டா நீங்களும் கூடவே படுக்கணும். இன்னொண்ணு, ஒரே தொழில்ல இருக்குற பல கம்பெனிய சேத்து வெச்சிருக்குற ஃபண்டு. துறை ஃபண்டுன்னு சொல்வோம். அதுல ஒரு கம்பெனி கெட்டாலும் மத்தது தாங்கும். ஆனா அந்தத் தொழிலே படுத்துட்டா எல்லாம் சேந்து படுக்கும். அவங்க டிவிடெண்டுன்னு குடுக்குறதும் உங்க பணத்துலேருந்தே எடுத்துக் குடுக்குறதுதான். குடுத்த அளவுக்கு உள்ள இருக்குறது கொறையும்."

இவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் யாரும் எதையும் விளக்கியதில்லை. நான் காதில் வாங்கவில்லை. மாமா வாங்கினார், ஆனால் அவர் வழியில்.

"என்னென்ன தொழிலுங்க இருக்குது அதுல?"

"வீடு கட்டுற சாமான் ஃபண்டு இருக்குதுங்க. சிமெண்டு, பெயிண்டு, பைப்பு, டைல்ஸு, பாத்ரூம் சாமான், எல்லாக் கம்பெனியும் அதுல வரும்."

"எல்லாம் ஒண்ணாக் கலந்தா?"

"ஆமாங்க."

மாமா தலையை ஆட்டினார். "கலவையில ஒரு மண்ணு கெட்டுப்போனா சூளையில மொத்தமும் வெடிச்சிரும்ங்க. எது கெட்டுதுன்னு அப்பறம் தேடவும் முடியாது. சிமெண்டத் தட்டிப் பாக்க முடியுமா? பெயிண்டத் தட்டிப் பாக்க முடியுமா? எனக்குத் தெரிஞ்சது பீங்கான்தான். பாத்ரூம் சாமான் செய்யிற கம்பெனியில ஒண்ணச் சொல்லுங்க, தட்டிப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

சுமதி மேடம் என்னைப் பார்த்தார். 'நீயாவது சொல்லப்பா' என்ற பார்வை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "மாமா, பங்கைத் தட்டிப் பார்க்க முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அது அபாரமான யோசனையாகத் தெரிந்தது. டை கட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் பேசுகிறவர்களுக்குக் கம்பெனியின் சரக்கைத் தட்டிப் பார்க்கத் தெரியுமா? எங்களிடம் இருபத்தாறு வருட அனுபவமுள்ள காது இருந்தது.

விருத்தாசலம் கடைகளில் இரண்டு மூன்று கம்பெனிச் சரக்குதான் கிடைத்தது. மங்கலம்பேட்டையில் வளைகுடாவில் சம்பாதிக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு குளியலறை கட்டுகிறார்கள், அங்கே எல்லாக் கம்பெனியும் இருக்கும் என்று மாமாவே சொன்னார். இருவரும் பஸ் ஏறினோம். அன்வர் பாய் கடையில் ஐந்து கம்பெனி. வாசலிலேயே வெள்ளை வெளேரென்று வரிசையாக வைத்திருந்தார்.

மாமா குந்தினார். முதல் கழிப்பறைப் பீங்கானில் முட்டியால் மூன்று தட்டு. காதைக் கிட்டே கொண்டுபோனார். அடுத்தது. மறுபடி மூன்று தட்டு. சாமான் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

அன்வர் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னாங்க பெரியவரே, உள்ள ஆளு இருக்குதான்னு பாக்குறீங்களா?"

கடையே சிரித்தது. மாமா நிமிரவில்லை. "இருங்க பாய், சத்தம் போடாதீங்க."

"எத்தினி வேணும்?"

"எரநூறு வாங்கலாம்னு இருக்கோம்" என்றேன் நான், மூன்று லட்சத்தைக் குத்துமதிப்பாக வகுத்து.

பாய் எழுந்தே வந்துவிட்டார். நாற்காலி வந்தது, டீ வந்தது. கல்யாண மண்டபம் கட்டுகிறீர்களா, லாட்ஜா என்று கேட்டார். நாங்கள் வாங்கப் போவது பீங்கானை இல்லை, பீங்கான் கம்பெனியை என்று விளக்கினேன். அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். பிறகு டீக்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மாமா அதற்குள் முடிவுக்கு வந்திருந்தார். நாலாவதாக இருந்த பீங்கானின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இது கோயில் மணி மாதிரி இருக்குது மாப்ள. இப்படி சூளை போடுறவன் ஏமாத்த மாட்டான்." அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, சொன்னதைச் சொன்னபடி கொடுத்தார்கள்.

சொன்னது என்ன என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். மறுநாள் டீக்கடையில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு செய்தி. பங்குதாரர்களுக்கு இந்த ஆண்டு இருநூற்றைம்பது சதவீதம் டிவிடெண்டு.

கணக்குப் பரீட்சையிலிருந்து எழுந்து ஓடியவனுக்கும் சதவீதம் தெரியும். மூன்று லட்சத்துக்கு இருநூற்றைம்பது சதவீதம் என்றால் ஏழரை லட்சம். எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. நான் அப்படி ஒன்றும் பேராசைக்காரன் இல்லை. கம்பெனிக்காரர்கள் பெருமைக்காகக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்று பாதியாகக் குறைத்தேன். வரி பிடிப்பார்கள் என்று அதில் பாதி. எதற்கும் இருக்கட்டும் என்று அதிலும் பாதி. அப்போதும் தொண்ணூறாயிரத்துக்கு மேல் நின்றது. மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு, கூடவே சில்லறை! பாதி, பாதியில் பாதி என்று அடக்கத்தோடு போட்ட கணக்கு எப்படித் தப்பாகும்?

சுமதி மேடத்திடம் இந்தச் செய்தியை நான் சொல்லவில்லை. சொன்னால் அவரும் வாங்குவார், அவருடைய ஆட்கள் வாங்குவார்கள், விலை ஏறிவிடும் என்று பயம். "மூணு லட்சத்துக்கும் அதே கம்பெனிதானா? யோசிச்சிக்கிட்டீங்களா?" என்று அவர் கேட்டபோது மாமாவை முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன். வளர்பிறையில் ஒரு புதன்கிழமை, பங்கு ஒன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வீதம் இருநூறு பங்கு வாங்கினோம்.

அதன் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை.

மாமா வேலையை விட்டார். பேசாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஜிலேபி வாங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் எல்லோருக்கும் கொடுத்தார். மேனேஜர், "என்னா கலியமூர்த்தி, பேரப்புள்ள பொறந்திருக்குதா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லீங்க, நானும் ஒரு கம்பெனியில பங்குதாரர் ஆயிட்டேன். நம்மளவிடப் பெரிய கம்பெனி" என்று சொல்லியிருக்கிறார் மாமா. வாழ்நாளில் அவர் அடித்த ஒரே பெருமை. மேனேஜர் ஜிலேபியைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்.

நான் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஃபண்டு என்பது பயந்தவர்களுக்கு, ஷேர் என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு என்று சொன்னேன். எங்கிருந்து இதெல்லாம் வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஒருவர் நோட்டில்கூட எழுதிக்கொண்டார்.

மாமா அந்த இரண்டு மாதமும் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருமல் நிஜமாகவே குறைந்தது. தெருமுனை வரை நிற்காமல் போய் வந்தார்.  ஒருநாள் சோறு போடும்போது அக்கா எனக்கு மட்டும் அப்பளம் இரண்டு வைத்தாள். அவள் என்னை மன்னித்தாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்போது மன்னிக்க ஒன்றும் இல்லை. இருந்த நம்பிக்கைக்குத்தான் அந்த அப்பளம்.

டிவிடெண்டு ஒரு சாயங்காலம் வந்தது. மாமாவின் செல்போன் சிணுங்கியது. பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் என்னிடம் நீட்டினார். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அப்போது வீட்டில் இருந்தார்கள். பங்கு வாங்குவது எப்படி என்று கேட்க வந்தவர்கள்.

வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் வரவு.

"எவ்ளோ மாப்ள?"

"ஆயிரம்."

"ஆயிரமா?"

"மொதத் தவண" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பினேன். "சோதிச்சுப் பாக்க மொதல்ல கொஞ்சம் அனுப்புவாங்க. கணக்கு நம்பரு சரியான்னு."

வந்திருந்தவர்களில் ஒருவர், "மிச்சம் எப்ப வரும்? வாரா வாரமா, மாசா மாசமா?" என்று கேட்டார். நான் வாரா வாரம் என்றேன்.

ஒரு வாரம் போயிற்று. எதுவும் வரவில்லை. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு சுமதி மேடத்திடம் போனார். மாடிப்படி பதினெட்டு. ஒரே மூச்சில் ஏறினார். அதை நான் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இருநூத்தம்பது பர்சென்ட்டுன்னு யாரு உங்களுக்கு சொன்னது?"

மாமா என்னைக் காட்டவில்லை. நான்தான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவது போல.

"அது நீங்க வாங்குன வெலைக்கு இல்லங்க. கம்பெனி ஆரம்பிச்சப்ப பங்குமேல போட்ட வெலைன்னு ஒண்ணு இருக்கும். முக மதிப்புன்னு சொல்வோம். இந்தக் கம்பெனிக்கு அது ரெண்டு ரூபா. ரெண்டு ரூபாய்க்கு இருநூத்தம்பது பர்சென்ட்டு, அஞ்சு ரூபா. ஒரு பங்குக்கு அஞ்சு. இருநூறு பங்குக்கு ஆயிரம். அவ்ளோதாங்க."

"மாசத்துக்கா?" என்று கேட்டார் மாமா.

"வருசத்துக்கு."

 மாமா மேசையின் ஓரத்தை முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். வேண்டுமென்று தட்டியதாகத் தெரியவில்லை, கை தானாகச் செய்தது. பிளைவுட் மேசை. மொத்தையாகச் சத்தம் வந்தது.

"ஃபண்டுல போட்டிருந்தா?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதுலயும் ஒங்க மாமா வூட்டுல உக்கார முடியாதுங்க. நான் அன்னைக்கே சொன்னேன்." அவர் குரலில் கோபம் இல்லை. கம்பெனி நல்ல கம்பெனிதான், பங்கு விலை மட்டும் இப்போது ஆயிரத்து இருநூறுக்கு வந்திருக்கிறது, பத்து வருடம் பொறுத்தால் ஏறலாம் என்றார்.

"பத்து வருசமாங்க" என்று சொல்லிவிட்டு மாமா இருமினார். அந்த இரண்டு மாதத்தில் நான் கேட்காத இருமல். எல்லாவற்றையும் விற்றுப் போஸ்ட் ஆபீஸில் போடச் சொல்லிவிட்டு எழுந்தார். அதில் வருவது மருந்துக்குச் சரியாக இருக்கும். சோற்றுக்கு?

சோற்றுக்காகத்தான் மறுநாள் காலை அந்தச் சட்டையை எடுத்து உதறினார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் என் பையை எடுத்தேன். அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படித்தான் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குள் நுழைந்தேன். உளுந்தூர்பேட்டை போய்விட்டால் நெடுஞ்சாலை, எங்கே போகும் பஸ்ஸும் கிடைக்கும். ஆனால் அன்வர் பாய் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வாசலில் நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க மொதலாளி! எரநூறும் வந்து சேந்துதா?"

"வந்துதுங்க பாய்."

"செருப்பு என்னா கையில? டிவிடெண்டா?"

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவரும் பார்த்துவிட்டார். சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு கட்டுக்கம்பித் துண்டைக் கொடுத்து வாரைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். "எங்க போறீங்க?"

"உளுந்தூர்பேட்டைக்கு."

"அங்க என்னா?"

"பஸ்ஸு."

"பஸ்ஸு எங்க போவும்?"

நான் பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"சும்மா, இங்கதான்க்கா."

"பைய காணோம்." உடனே விஷயத்துக்கு வந்தாள். "ஒங்க மாமா வந்துட்டாரு. பழைய எடத்துல வேற ஆளு இருக்குதாம். மாவு கலக்குற எடந்தான் காலியா இருக்குதாம், நாளைக்குக் காலையில வந்து சேந்துக்கச் சொல்லிட்டாங்களாம்." மாவு கலக்கும் இடம் என்றால் மண் பொடி மூட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிற கொட்டகை. பழைய இடத்தில் பறந்தது தூசி என்றால் இங்கே இருப்பது மூட்டம். இருமல் இல்லாதவர்களே அங்கே ஆறு மாதம் நிற்பதில்லை. "போவாதீங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு. நான் பேசிப் பாத்துட்டேன். நீ ஒரு வார்த்த சொல்லிப் பாருடா. நீ சொன்னாதான அவரு எதையும் கேக்குறாரு."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவள்தான், ஆனால் அப்போது அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வேறு யாரும் இல்லாததால் என்னைக் கேட்டாள்.

அன்வர் பாய், "விருத்தாசலம் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கணும்" என்றார்.

வீட்டுக்குப் போய் மாமாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் வார்த்தைகளால் ஆனது போதும். மறுநாள் விடிந்ததும், அவர் குளிக்கப் போன நேரம், பட்டறைக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்று, மாவு கலக்கும் இடத்தை மாமாவுக்குப் பதில் எனக்குத் தரச் சொன்னேன்.

"நீ கலியமூர்த்தி மச்சான்தான? ஷேர் மார்க்கெட்டு?"

"ஆமாங்க."

"இதுக்கு முன்னாடி எங்கியாவது ஒரு வருசம் முழுசா வேல பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

 மூட்டை தூக்க எனக்கு முன்னால் வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதால் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டச் சொன்னார்.

மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. வாயைப் பிரித்துத் தொட்டியில் சாய்த்தால் கொட்டகை முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது மூட்டை முடிந்து கண்ணைத் திறந்தபோது வாசலில் மாமா நின்றிருந்தார். பழைய சட்டை, கையில் சோற்று டப்பா. தலையிலிருந்து கால் வரை மாவு அப்பிக் கிடந்த என்னை அடையாளம் கண்டுபிடிக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. உள்ளே வரப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் அங்கேயே நின்றார். போடா என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தினி பர்சென்ட்டு மாப்ள?" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது ஓயவில்லை. நான் சம்பளத்தைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தால், கடையிலிருந்து கத்திரிக்காய் வாங்கி வந்தால், குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்தால், மாமா நாற்காலியில் இருந்தபடியே அந்த ஒரு கேள்வியைக் கேட்பார். கேட்டுவிட்டு இருமுவார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்தபோது குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அப்போதும் அதையேதான் கேட்டார்.

அன்றைக்கு என் வாயில் துணி கட்டியிருந்தது. அவர் டப்பாவைக் கதவோரத்தில் வைத்துவிட்டு, திரும்பி, நின்று நின்று நடந்து போனார். சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டிய மூட்டைகள் இன்னும் பதினேழு இருந்தன. நாலாவதைத் தோளுக்கு ஏற்றினேன்.